மரப்பொம்மைகளும் துணிப்பொம்மைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரட்டாசி நெருங்கும்போது கொலுவுக்குப் பொம்மை தேடுகிறவர்களும், குழந்தைக்குப் பிளாஸ்டிக் அல்லாத விளையாட்டுப் பொருள் வேண்டும் என்கிறவர்களும், பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்த பழைய மரப்பாச்சியை எப்படிப் பேணுவது என்று தெரியாதவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. தென்னிந்தியாவில் மரத்தாலும் துணியாலும் கையால் செய்யப்படும் பொம்மைகளையும் அவற்றைச் செய்கிறவர்களையும் பற்றிய அத்தகைய கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கொலுப்படிகளை நிறைக்கும் மண் பொம்மைகளும், மரம் என்று பலர் தவறாக எண்ணும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் மண், காகிதக்கூழ் ஆகியவற்றின் வேலைப்பாடுகள் என்பதால் அவை இதில் இடம்பெறவில்லை.

மரப்பாச்சி என்று எதைச் சொல்கிறோம்?

ஒரே மரத்துண்டில் செதுக்கப்பட்டு, கைகள் உடலை விட்டு அதிகம் விலகாமல், நேராக நிற்கும் ஆண் பெண் ஜோடிப் பொம்மைகளையே மரப்பாச்சி என்கிறோம். வண்ணம் பூசப்படாமல், மரத்தின் நிறத்திலேயே விடப்படுவது இதன் முதல் அடையாளம். பெண்ணுக்குத் திருமணத்தின்போது பிறந்த வீட்டார் ஒரு ஜோடி மரப்பாச்சி கொடுப்பதும், அவள் புகுந்த வீட்டில் வைக்கும் முதல் கொலு அந்த ஜோடியிலிருந்து தொடங்குவதும் பல குடும்பங்களில் வழக்கம். சிலர் அவர்களை அரசனும் அரசியும் என்பர். சிலர் பெருமாளும் தாயாரும் என்பர். மைசூர்ப் பகுதியின் தசராப் பொம்மைக் கொலுவிலும் ‘பட்டத கொம்பெ’ என்ற பெயரில் இதே போன்ற ஜோடி, மணப்பெண்ணுக்குச் சீராக வந்து, முதலிடம் பெறுகிறது. எனவே மரப்பாச்சியைத் தமிழ்நாட்டுக்கு மட்டுமே உரிய பொருளாகக் கொள்வது பொருந்தாது. திருப்பதிக்குப் போய் வந்தவர்கள் வாங்கி வந்த மரப்பொம்மைகளும் மரப்பாச்சிகளாகத் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தன.

மரப்பாச்சியின் முகம் ஏன் இவ்வளவு எளிமையாக இருக்கிறது? செய்தவருக்குத் திறமை போதவில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆந்திரத்தின் வண்ண மரப்பொம்மைகளான கொண்டபள்ளிப் பொம்மைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். விடை கலைஞரின் கையில் இல்லை, மரத்தில் இருக்கிறது. மரப்பாச்சிக்கு மரபாக எடுக்கப்பட்டவை செஞ்சந்தனம் என்னும் செம்மரம், கருங்காலி போன்ற மிகக் கடினமான மரங்கள். செம்மரத்தின் வைரப் பகுதி தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. அத்தகைய மரத்தில் உளி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அதன் கூர் மழுங்குகிறது. ஆகவே குறைந்த வெட்டுகளில் உருவத்தைக் காட்டிவிடுவதே செதுக்குபவரின் சிக்கனம். கண், மூக்கு, கொண்டை, கழுத்தணி ஆகியவை சில கீறல்களில் முடிந்துவிடுகின்றன. மெல்லிய விரல்களோ வீசிய கைகளோ அதில் இருக்க முடியாது. இருந்தாலும் முதல் தலைமுறைக் குழந்தையே அவற்றை உடைத்திருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. மரப்பாச்சி கடையிலிருந்து வரும்போது பாதிப் பொம்மைதான். அதற்குச் சேலையும் வேட்டியும் கட்டி, நகை செய்து போட்டு, அதை முழுமையாக்குவது வீட்டிலுள்ள சிறுமியின் வேலையாகவும் அவளுடைய அம்மாவின் வேலையாகவும் விடப்பட்டிருந்தது. உடை மூடப்போகும் உடலில் செதுக்குபவர் நகாசு செய்வதில் பொருளில்லை.

கையில் இருப்பது உண்மையான செம்மரம்தானா என்று எப்படி அறிவது?

முதலில், முகர்ந்து பார்ப்பதை விட்டுவிடலாம். செஞ்சந்தனம் என்ற பெயரைக் கேட்டுச் சந்தன மணத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள், ஏனெனில் சந்தன மரத்துக்கும் செம்மரத்துக்கும் தாவரக் குடும்பமே வேறு. செம்மரத்துக்குச் சொல்லத்தக்க மணம் கிடையாது. மணம் வீசும் ‘செஞ்சந்தன’ப் பொம்மை யாரோ தைலம் தடவிய பொம்மை.

எடையும் நிறமும்தான் பார்க்க வேண்டியவை. உள்ளங்கையில் வைத்ததும் அதன் அளவுக்குப் பொருந்தாத கனம் தெரிய வேண்டும். செம்மரத்தின் சிவப்புக்குக் காரணமான சான்டலின் என்னும் நிறமி சாராயத்தில் நன்றாகக் கரையும், பச்சைத் தண்ணீரில் எளிதில் கரையாது. ஆகவே ஈரமான வெள்ளைத் துணியால் மெல்லத் துடைத்ததும் துணி பளிச்சென்று சிவந்துவிட்டால், அது பெரும்பாலும் மேலே ஏற்றிய சாயம். மாறாக, கல்லில் நீர் விட்டு அழுத்தித் தேய்க்கும்போது செந்நிற விழுது வருவது மரத்தின் இயல்பு. முன்பு வீக்கத்துக்குப் பற்றுப் போட மரப்பாச்சியையே இழைத்தார்கள். பழைய பொம்மைகள் சிலவற்றின் அடிப்பாகம் தேய்ந்து சாய்ந்திருப்பதற்கு அதுவே காரணம்.

புதிய செம்மர மரப்பாச்சி வாங்கலாமா?

செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், குறிப்பாகச் சேஷாசலம் மலைகளை ஒட்டிய காடுகளில் மட்டுமே இயற்கையாக வளர்வது. வெட்டிக் கடத்துவதால் அது அருகிவரும் மரமாகிவிட்டது. உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் இடம்பெற்றிருக்கிறது. காட்டிலிருந்து வெட்டுவது குற்றம். அரசின் அனுமதியோடு விற்கப்படும் மரத்தில் செய்த பொருள்களுக்கு உரிய ஆவணம் இருக்க வேண்டும். வெளிநாட்டில் வாழும் உறவினருக்குச் செம்மரப் பொம்மையைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்புவோர், விமான நிலையத்தில் சிக்கல் வரும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இன்று கடைகளில் ‘மரப்பாச்சி’ என்று விற்கப்படும் பலவும் வேறு மரத்தில் செய்து செந்நிறமோ கருநிறமோ ஏற்றியவை. அவற்றை மரப்பாச்சி அல்ல என்று ஒதுக்குவது என் கருத்தில் தவறு. விற்பவர் மரத்தின் பெயரை மாற்றிச் சொல்வதுதான் குற்றமே தவிர, வேறு மரத்தில் செதுக்குவது குற்றமாகாது. செம்மரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர், அந்த மரம் எந்தக் காட்டிலிருந்து, யாருடைய கூலியில், எந்த வழியாக வந்தது என்பதையும் கேட்க வேண்டியவராகிறார்.

குழந்தை மரப்பாச்சியை வாயில் வைத்தால் நல்லது என்பார்களே?

வண்ணமில்லாத, வழவழப்பாகத் தேய்ந்த மரத்தைப் பல் முளைக்கும் குழந்தை கடித்து விளையாடியதும், செம்மரத்துக்கு மருந்துக் குணம் உண்டு என்ற நம்பிக்கையும் சேர்ந்து உருவான சொல் அது. பாட்டி காலத்துப் பொம்மையைப் பற்றிய அந்தச் சொல்லை, எந்தச் சாயம் பூசப்பட்டது என்று தெரியாத இன்றைய பொம்மைக்கு அப்படியே பொருத்துவது ஆபத்து. வாய்க்குப் போகும் பொம்மை வேண்டுமானால் பூச்சில்லாத மரத்தையோ, சாயத்தின் மூலம் இன்னது என்று சொல்லத்தக்க அரக்குப் பூச்சுப் பொம்மையையோ தேர்ந்தெடுப்பதே முறை.

கொண்டபள்ளிப் பொம்மைகள் ஒட்டு வேலையாக இருப்பது தரக்குறைவா?

இல்லை, அதுவே அவற்றின் கலை. விஜயவாடாவுக்கு அருகிலுள்ள கொண்டபள்ளியில் பயன்படும் மரம் ‘தெல்ல பொனிக்கி’. தெலுங்கில் ‘தெல்ல’ என்றால் வெள்ளை. மெல்லிய சூட்டில் ஈரத்தைப் போக்கிய பிறகு அது கிட்டத்தட்ட நெட்டியை நினைவூட்டும் அளவுக்கு இலேசாகிவிடும். கத்திக்கும் அரத்துக்கும் வெண்ணெய்போல் இடம் கொடுக்கும். ஆனால் இவ்வளவு மென்மையான மரத்தில் வீசிய கையையும் உயர்த்திய தும்பிக்கையையும் ஒரே துண்டில் செதுக்கினால் இழையோடு முறிந்துவிடும். அதனால் உடல் வேறு, கை வேறு, தலைப்பாகை வேறு, யானையின் காது வேறு என்று தனித்தனியாகச் செதுக்கி, புளியங்கொட்டைத் தூளும் மரத்தூளும் சேர்த்துக் குழைத்த ‘மக்கு’ என்னும் பசையால் ஒட்டுகிறார்கள். மக்கு காய்ந்ததும் இணைப்பு தெரியாதபடி அரத்தால் தேய்த்து, சுண்ணாம்புப் பூச்சிட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டுகிறார்கள்.

அம்பாரி யானை, பனையேறி, மாட்டு வண்டி, தசாவதாரம் என்று அங்கே செய்யப்படும் எதைப் பார்த்தாலும் உறுப்புகள் உடலிலிருந்து தாராளமாக விலகி நிற்பதைக் காணலாம். மரப்பாச்சி செய்பவர் கனவிலும் எண்ண முடியாத அசைவு அது. தமிழ்நாட்டில் நவராத்திரிக்குக் கொலு வைப்பதுபோல ஆந்திரத்தில் சங்கராந்திக்கும் ‘பொம்மல கொலுவு’ வைப்பவர்கள் உண்டு. உழவும் அறுவடையும் ஊர்க்காட்சிகளும் கொண்டபள்ளியில் மிகுந்திருப்பதற்கு இந்தப் பண்டிகையும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

இதைச் செய்யும் குடும்பங்கள் தங்கள் முன்னோர் இராஜஸ்தானத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டளவில் வந்ததாகச் சொல்லிக்கொள்கின்றன. வண்ணம் தீட்டும் வேலையில் வீட்டுப் பெண்களின் பங்கு பெரிது. சுற்றியுள்ள காட்டில் பொனிக்கி மரம் குறைந்துவிட்டதுதான் இன்று அவர்களுடைய முதன்மையான கவலை.

சென்னபட்டணம், ஏட்டிகொப்பாக்கா ஆகிய ஊர்களின் மரப்பொம்மைகள் இரண்டும் ஒன்றுதானா?

ஊரும் மாநிலமும் வேறு. மரமும் முறையும் ஒன்று. சென்னபட்டணம் கர்நாடகத்தில் பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது. ஏட்டிகொப்பாக்கா ஆந்திரத்தின் வடபகுதியில், இன்றைய அனகாபல்லி மாவட்டத்தில், வராகா ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். கன்னடத்தில் ‘ஆலே மரம்’ என்றும் தெலுங்கில் ‘அங்குடு’ என்றும் வழங்கும் மரம், நம்மவர்கள் தோல் நோய்க்குத் தைலம் காய்ச்சும் வெட்பாலைதான். வெளிர்நிறமும் நெருக்கமான இழையும் கொண்ட அது, கடைசல் இயந்திரத்தில் சுழலும்போது செதில் பெயராமல் வழவழப்பாகத் திரளும். கடைசலில் பிறக்கும் எதுவும் உருண்டையாகவே இருக்கும் என்பதால், இந்த ஊர்களின் பொம்மைகளுக்கு உருளைத் தலை, மணி போன்ற பாவாடை, பம்பரம் போன்ற உடல் ஆகியவை இயல்பாக அமைந்தன. திருநெல்வேலிப் பக்கத்தில் அம்பாசமுத்திரம் செப்புச் சாமான் வைத்து விளையாடியவர்களுக்கு இந்த வழவழப்பு கையில் நினைவிருக்கும். அதுவும் கடைசலும் அரக்கும் சேர்ந்த வேலைதான்.

சென்னபட்டணத்தின் தொடக்கத்தைத் திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்த கதையோடு இணைத்துச் சொல்வார்கள். பிற்காலத்தில் ஜப்பானியப் பொம்மை முறையைக் கற்று அங்கே புகுத்தியவராக பாவாஸ் மியானை அந்த ஊர் நினைவுகூர்கிறது. ஏட்டிகொப்பாக்காவில் இரசாயனச் சாயங்களை விடுத்து மஞ்சள், அவுரி முதலிய தாவரங்களிலிருந்து எடுத்த சாயங்களை அரக்கில் கலக்கும் முறையை மீட்டெடுத்தவர் சி. வி. ராஜு, அவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அரக்கு எப்படி மரத்தில் ஏறுகிறது? தூரிகை பயன்படுமா?

தூரிகைக்கு இங்கே வேலையே இல்லை. மரங்களில் வாழும் ஒருவகைப் பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. பாரதக் கதையின் அரக்கு மாளிகையை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு எளிதில் உருகி எரியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இயல்பையே கைவினைஞர் பயன்படுத்துகிறார். சூடாக்கிய அரக்கில் சாயத்தைச் சேர்த்துப் பிசைந்து குச்சியாக உருட்டி ஆறவைத்துக்கொள்கிறார். கடைசலில் வேகமாகச் சுழலும் பொம்மையின் மேல் அந்தக் குச்சியை அழுத்தியதும், உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பரவுகிறது. பின்னர் தாழை ஓலையை மடித்து அதன்மேல் அழுத்திப் பிடிக்கும்போது, வண்ணம் ஒரே சீராக விரிந்து கண்ணாடிபோல் பளபளக்கிறது. இந்த முழு வேலையும் பழகிய கைக்கு மிகச் சில நிமிடங்கள்தான். ஆனால் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைக் கை பழகுவதற்கு ஆண்டுகள் ஆகும். அழுத்தம் கூடினால் அரக்கு கருகும், குறைந்தால் திட்டுத்திட்டாக நிற்கும்.

கண்ணும் புருவமும் பொட்டும் மட்டும் பிறகு தூரிகையால் இடப்படுகின்றன. பொம்மையில் முதலில் உதிர்ந்து போவதும் அந்தப் பகுதிதான்.

மரப்பொம்மைக்கு இவ்வளவு வரலாறு இருக்கும்போது துணிப்பொம்மைக்கு ஏன் இல்லை?

துணி மட்கிவிடும் என்பது எளிய விடை. அதைவிட முக்கியமான காரணம், துணிப்பொம்மை பெரும்பாலும் விற்பனைக்கு வராத பொருளாக இருந்ததுதான். கிழிந்த சேலையின் முந்தானையைச் சுருட்டி, நூலால் கழுத்துக் கட்டி, கரியால் கண் வைத்து, அழுகிற குழந்தையின் கையில் கொடுத்த பொம்மைக்குச் சந்தை இல்லை, குரு இல்லை, ஊர்ப்பெயர் இல்லை. செய்தவள் பெண், செய்த இடம் வீடு. ஆகையால் கைவினை வரலாறு எழுதியவர்கள் அதை எண்ணவேயில்லை. சங்கப் பாடல்களில் பெண்கள் பஞ்சாய்க் கோரையால் பாவை செய்து விளையாடிய செய்தி வருகிறது. கோரையிலும் மணலிலும் பாவை செய்த கைகள் துணியை மட்டும் விட்டுவைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

துணிப்பொம்மை தனிக் கைத்தொழிலாகப் பெயர் பெற்றது மிக அண்மையில்தான். அதற்குத் தமிழகக் கடற்கரையிலேயே ஒரு சான்று இருக்கிறது.

சுனாமிகா என்பது என்ன?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, கடலைக் கண்டே அஞ்சிப்போன மீனவ கிராமத்துப் பெண்களுக்கு மனத்தேறுதலாகவும் கைவேலையாகவும் ஆரோவில்லைச் சேர்ந்த உபாசனா ஆடை வடிவமைப்பு நிலையம் தொடங்கிய சிறிய துணிப்பொம்மை அது. தையல் வேலையில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளால் செய்யப்படும் அந்தப் பொம்மை கட்டைவிரல் அளவே இருக்கும். அது விற்கப்படுவதில்லை, பரிசாக மட்டுமே கைமாறுகிறது. பெறுபவர் விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம், அதிலிருந்து செய்தவருக்குக் கூலி போகிறது. சுனாமியின் பெயரையே பொம்மைக்கு இட்டது முதலில் எனக்கு உறுத்தலாக இருந்தது. பேரிடரின் பெயரை உள்ளங்கையில் அடங்கும் சிறு பெண்ணாக மாற்றிவிட்டார்கள் என்று புரிந்த பிறகு அந்த உறுத்தல் போய்விட்டது.

மரமும் துணியும் ஒரே பொம்மையில் சேர்வது உண்டா?

உண்டு, அதுவும் மிகச் சிறந்த வேலைப்பாடுகள் அங்கேதான் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பொம்மலாட்டப் பாவைகளைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குகிறார்கள். அந்த மரம் கனமற்றது. ஆனாலும் பாவை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் எட்டுவதுண்டு என்பதால், வேறு மரத்தை எடுத்திருந்தால் ஆட்டுபவர் தாங்கியிருக்க முடியாது. தலையில் துணி சுற்றிய இரும்பு வளையத்தை அணிந்து, அதிலிருந்து தொங்கும் கயிறுகளால் பாவையின் உடலைத் தாங்கி, கைகளைக் கம்பிகளால் ஆட்டுவது இங்கத்திய முறை. கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரங்களில் இந்தக் கலை நிலைத்தது. பாவையின் கை, தோள், முழங்கால் மூட்டுகளைச் சேலையும் பாவாடையும் மறைப்பதால்தான் மரம் ஆடுகிறது என்பதே பார்ப்பவருக்கு மறந்துபோகிறது. திருக்குறளில் ‘மரப்பாவை’ இரண்டு இடங்களில், ‘நாணுடைமை’ அதிகாரத்திலும் யாசித்தலைப் பற்றிய ‘இரவு’ அதிகாரத்திலும், வருகிறது; இரண்டுமே அசையும் பாவையைத்தான் உவமையாக்குகின்றன.

இராஜஸ்தானத்தின் கட்புதலி இதை இன்னும் துணிச்சலாகச் செய்கிறது. அந்தப் பாவைக்குக் காலே கிடையாது. தலையையும் மார்பையும் மரத்தில் செதுக்கிவிட்டு, கீழே நீண்ட பாவாடையைத் தொங்கவிடுகிறார்கள். விரல்களில் கட்டிய இரண்டு முதல் ஐந்து கயிறுகளே அதை ஆட்டுகின்றன. நடையும் சுழற்சியும் முழுக்கத் துணியின் வேலை.

கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்துக் கின்னாளில் செய்யும் மரப்பொம்மைகளில் துணி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஊறவைத்த சணல் கந்தலைக் காயவைத்துப் பொடியாக்கி, மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் சேர்த்துப் பூசி, அதன்மேல் பருத்தித் துண்டுகளை ஒட்டி, கூழாங்கல் மாவுப் பசை தடவிய பிறகே வண்ணம் தீட்டுகிறார்கள். பளபளக்கும் கின்னாள் உருவத்தைக் கீறிப் பார்த்தால் உள்ளே கந்தல் இருக்கும் என்று வாங்குபவர் யாரும் எண்ணமாட்டார்.

மரப்பாச்சிக்கு உடை தைப்பது எப்படி? கட்டினால் வழுக்கி விழுகிறதே?

மரப்பாச்சிக்குத் தோள் குறுகியது, இடுப்பும் உடலும் ஏறத்தாழ ஒரே பருமன், அதனால்தான் வழுக்குகிறது. பசை தடவி ஒட்டுவதும் குண்டூசி குத்துவதும் மரத்தைக் கறைப்படுத்தும், கீறும். இரண்டையும் தவிர்க்க வேண்டும். முதலில் மெல்லிய மல் துணியைப் பட்டையாகக் கிழித்து, மார்பிலிருந்து இடுப்பு வரை இரண்டு சுற்றுச் சுற்றி நூலால் கட்டிவிட்டால், மேலே போடும் உடை அதைப் பற்றிக்கொள்ளும். சேலையை அந்த உள்துணியோடு ஓட்டுத் தையல் போட்டு நிறுத்தலாம். அடுத்த ஆண்டு நூலை வெட்டினால் போதும்.

பலர் செய்யும் பிழை, பெரிய சேலையின் கரையை அப்படியே வெட்டிச் சுற்றுவது. முழங்கை அகலக் கரை அரையடிப் பொம்மைக்குக் கரையாக இருப்பதில்லை, சேலை முழுவதுமாகிவிடுகிறது. குறுகிய ரிப்பன் ஜரிகையும், புள்ளியோ கட்டமோ மிகச் சிறிதாக உள்ள ரவிக்கைத் துணியும் பொருத்தமானவை. கொசுவத்தை மடித்து, ஈரத் துணி போட்டுத் தேய்த்துவிட்டுக் கட்டினால் விறைத்து நிற்காமல் படியும். ஆண் பொம்மைக்கு வேட்டி கட்டுவது இதைவிடக் கடினம். பஞ்சகச்சம் முயல்பவர்களுக்குப் பொறுமை வேண்டும்.

வீட்டில் துணிப்பொம்மை செய்ய விரும்புகிறேன். எங்கே தவறு நேரும்?

கழுத்தில். முதல் பொம்மை செய்யும் அனைவருக்கும் தலை சாய்ந்துவிடும். கழுத்தைக் குறுகலாக வெட்டுவதும், பஞ்சைத் தலையில் நிறைத்துவிட்டுக் கழுத்துக்கு மிச்சத்தைத் திணிப்பதும் அதற்குக் காரணம். கழுத்தைச் சற்று அகலமாக வெட்டி, தலையிலிருந்து மார்பு வரை ஒரே பஞ்சு உருளை இறங்குமாறு இறுக்கித் திணித்தால் தலை நிமிர்ந்து நிற்கும்.

உடலுக்கு நெருக்கமாக நெய்த காடாத் துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். நனைக்காத துணி முதல் சலவையில் சுருங்கித் தையலை இழுக்கும். தையலுக்கு வெளியே அரை விரல்கடை துணி விட்டு, வளைவுகளில் சிறு வெட்டுகள் கொடுத்த பிறகே உட்புறத்தை வெளியே திருப்ப வேண்டும். இல்லையென்றால் கையும் காலும் சுருக்கம் விழுந்து நிற்கும். இலவம் பஞ்சு இலேசானது, பட்டுப்போல் இருக்கும், ஆனால் நுண்ணிய இழைகள் தையல் வழியே கசியும். பருத்திப் பஞ்சு கனமானது, நாளடைவில் கட்டி தட்டும். தூக்கிக்கொண்டு திரியும் பொம்மைக்குப் பருத்தி, அலமாரியில் உட்காரும் பொம்மைக்கு இலவம் என்பது என் வழக்கம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் செய்தால் கண்ணுக்குப் பொத்தானோ மணியோ தைக்கவே கூடாது, கழன்றால் விழுங்கிவிடும். சங்கிலித் தையலில் கண்ணும் வாயும் இட்டால் போதும்.

பொம்மைகளில் செய்தவர் பெயர் ஏன் இருப்பதில்லை?

ஓவியத்தின் மூலையில் கையெழுத்தைத் தேடுகிற நாம் பொம்மையின் அடியில் விலைச்சீட்டை மட்டும் தேடுகிறோம். ஒரு கொண்டபள்ளி யானை, மரம் உலர்த்துபவர், செதுக்குபவர், ஒட்டுபவர், தீட்டுபவர் என்று ஒரு வீட்டாரின் பல கைகள் மாறி வருகிறது. யார் பெயரைப் போடுவது என்பது உண்மையிலேயே கடினமான கேள்விதான். ஆனால் விருது வரும்போது மட்டும் குடும்பத் தலைவர் பெயர் வந்துவிடுகிறது, தீட்டிய பெண்ணின் பெயர் வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வாங்கும்போது செய்தவர் யார் என்று கேட்பதும், கேட்ட பெயரைப் பொம்மையின் அடியில் பென்சிலால் எழுதி வைப்பதும் செலவில்லாத காரியம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பொம்மை யார் கையிலாவது இருந்தால், அந்தப் பெயரும் இருக்கும்.

புவிசார் குறியீடு, ஐ.எஸ்.ஐ. முத்திரை ஆகியவற்றைப் பார்த்து வாங்க வேண்டுமா?

சென்னபட்டணம், கொண்டபள்ளி, கின்னாள், ஏட்டிகொப்பாக்கா ஆகிய நான்கும் புவிசார் குறியீடு பெற்றவை. அது ஊரின் பெயரைக் காக்கிறதே தவிர, குறிப்பிட்ட ஒரு பொம்மையின் தரத்துக்குச் சான்று அல்ல. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டபோது, கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிந்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொருள்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே கைவினைப் பொம்மையில் அந்த முத்திரை இல்லாதது குறையன்று. சாயம் எது என்று விற்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு மட்டும் வாங்குபவரிடம் வந்து சேர்கிறது.

பழைய பொம்மைகளை எப்படிப் பேணுவது?

எல்லாவற்றையும் ஒரே ஈரத் துணியால் துடைப்பதுதான் பெரும்பாலான பொம்மைகள் கெடுவதற்குக் காரணம். மரப்பாச்சி ஈரத்தைத் தாங்கும். துடைத்து, நிழலில் உலர்த்தி, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும். கொண்டபள்ளி, கின்னாள் பொம்மைகளுக்குத் தண்ணீரே ஆகாது, ஏனெனில் உள்ளே இருப்பது புளியங்கொட்டைப் பசை. மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். அரக்குப் பொம்மையை வெந்நீரிலும் சாராயம் கலந்த கிருமிநாசினித் திரவத்திலும் காட்டக் கூடாது. அரக்கு சூட்டில் இளகும், சாராயத்தில் கரையும். கொரோனாக் காலத்தில் குழந்தைகளின் பொம்மைகளைக் கிருமிநாசினியால் துடைத்துவிட்டு, வண்ணம் பிசுபிசுக்கிறதே என்று வருந்தியவர்கள் பலர்.

பொம்மையின் அடியில் மாவு போன்ற தூள் கொட்டிக் கிடந்தால் உளுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். கொலு முடிந்து பெட்டியில் அடுக்கும்போது பிளாஸ்டிக் பையை விடப் பழைய பருத்தி வேட்டித் துணி நல்லது, காற்றுப் புகும்; வேப்பிலையைக் காயவைத்து இடையில் போடலாம். மரப்பாச்சிக்குக் கட்டிய பட்டுத் துணியை அவிழ்த்துத் தனியே மடித்து வைக்க வேண்டும். ஜரிகை பட்ட இடத்தில் மரம் கறுத்துப்போன ஜோடி ஒன்று என்னிடமும் இருக்கிறது.